வெயில் வலக்கன்னத்தில் அடித்த ரோட்டு

1

என்ர பேத்திக்குப் பேர் வைச்ச நேரம் அந்த வீட்டில இருந்த ஆக்கள் இவ்வளவுதான்: பேத்தி, வயசு முப்பத்தொரு நாள். அவளைப் பெத்த என்ர மகள் தர்சினி. மருமகன் ஜோ. ஜோட தாய் எலன். என்ர மனிசி புவனா. தர்சினியோட ஆசுபத்திரியில வேலை செய்யுற பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒராள். வாசலில கட்டிக் கிடந்த நாயையும் சேர்த்தா ஏழு.

நான் அந்தக் கணக்கில இல்லை. காதுக்குள்ள பேரைச் சொல்லவேண்டிய ஆள் நான்தான். நான் அந்த நேரம் முந்நூற்றி எழுவது கிலோமீற்றருக்கு இஞ்சால, ஒரு ஹோட்டல் வாசலில, டயருக்காகக் காத்துக்கொண்டு குந்தியிருந்தன்.

இது நடந்தது ஆனி மாசம். இப்ப ஐப்பசி முடியப்போகுது. இண்டைக்கு விடிய, நான் வேலை செய்யுற ஹோட்டல் குசினியில முட்டை உடைச்சுக்கொண்டு நிக்கக்குள்ள மகளிட்ட இருந்து செய்தி வந்தது. "ஃபெரியை ஆத்தால ஏத்திட்டாங்க அப்பா." அவ்வளவுதான். ஆறு உறையத் தொடங்கினா, வாகனத்தை அக்கரைக்கு ஏத்திப் போற ஃபெரி ஓடாது. ஐஸ் வாகனம் தாங்குற அளவுக்கு இறுகும் வரைக்கும் ஐஸுக்கு மேலயும் ஓட ஏலாது. ரெண்டுக்கும் இடையில சில கிழமை மகளிட்டப் போற ரோட்டு அறுந்துபோய்க் கிடக்கும். மகள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

செய்தியைப் பார்த்த பிறகு ஆறு முட்டையைக் கோதோட சட்டியில போட்டன். வேலை முடிஞ்சு வீட்டை வந்து எழுதக் குந்தினன். எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்ட ஆள் நான். எழுத்துப் பிழைச்சா ஊரில வாசிக்கிற ஆக்கள் பொறுத்துக்கொள்ளுங்க.

2

கனடா எண்டதும் நீங்க எல்லாரும் ரொறன்ரோவைத்தான் நினைக்கிறீங்க. போன மாசமும் ஆரையம்பதியில இருந்து மச்சான் ஒருத்தர் கேட்டார், "உங்கட வீட்டுக்குக் கிட்டத்தானே அந்த முருகன் கோயில்?" எண்டு. எங்கட வீட்டுக்குக் கிட்ட இருக்கிறது கரடி. நான் இருக்கிறது வைட்ஹோர்ஸ் எண்ட சின்ன நகரம், கனடாட வடமேற்கு மூலையில. சம்பளம் கூட எண்டு வந்தன். பதினொரு வருசமாச்சு. இன்னும் வீட்டை விட்டு வெளிக்கிட்டா, அடுப்பை நிப்பாட்டினனா எண்டு பார்க்க ரெண்டுதரம் திரும்பிப் போறன்.

மகள் இருக்கிறது இதைவிட வடக்க, இனுவிக் எண்ட ஊரில. அங்க போற ரோட்டைப் பத்தித்தான் சொல்லப்போறன். அதின்ர உண்மையான பேர் நம்மட வாய்க்குள்ள நிக்காது. வடக்கு ரோட்டு எண்டே எழுதுறன்.

எங்கட நகரத்தில இருந்து டோசன் எண்ட இடத்துக்கு ஒரு நாள் ஓட்டம். அதுக்குக் கிட்டத்தான் வடக்கு ரோட்டு பிரியுது. எழுநூறு கிலோமீற்றருக்கு மேல, முழுக்கச் சரளைக்கல்லு. தார் கிடையாது, கடை கிடையாது, போனுக்குச் சிக்னல் கிடையாது. நட்டநடுவில ஒரு ஹோட்டல், அதில பெற்றோல். அதுக்கங்கால ரெண்டு ஆறு. ரெண்டுக்கும் பாலம் இல்லை. கோடையில ஃபெரி, மாரியில ஐஸ்.

டோசனில தகவல் நிலையத்தில ஒரு பொம்பிளை எனக்கு இந்த ரோட்டின்ர கதையைச் சொன்னா. பாதி விளங்கினது. அம்பதுகளின்ர கடைசியில எண்ணெய் தேடித்தான் இதைப் போடத் தொடங்கினாங்களாம். கொஞ்சத் தூரம் போட்டாப் பிறகு, நினைச்ச மாதிரி எண்ணெயும் வரல்ல, செலவுக்கும் கட்டல்ல எண்டு அப்பிடியே விட்டுட்டாங்க. கன வருசம் அது எங்கயும் போய்ச் சேராத ரோட்டாக் கிடந்திருக்கு. மறுகா வடகடல் பக்கம் எண்ணெய் எண்டு தெரிஞ்சதும் திரும்பத் தொடங்கி, எழுவதுகள் முடியிற நேரத்திலதான் இனுவிக் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. இப்ப கிட்டடியில கடல் மட்டும் நீட்டியிருக்கு.

நிலத்துக்குக் கீழ வருசம் முழுக்க ஐஸாம். அதுக்கு மேல மெத்தை மாதிரி சரளைக்கல்லை உயரமாக் குவிச்சுத்தான் ரோட்டு. சூடு கீழ இறங்கினா ஐஸ் உருகி ரோட்டு தாழும். எங்கட வயல் வட்டைக்குள்ள போற கிறவல் ரோட்டு மாரி மழையில தாழும், அது விளங்குது. வெயிலுக்கு ரோட்டு தாழுறது எனக்கு இன்னும் சரியா விளங்கல்ல. அண்டைக்கு ரோட்டு வளைஞ்ச இடமெல்லாம் காலைத் தூக்கிக்கொண்டுதான் ஓட்டினன், பாரம் குறையட்டும் எண்டு.

3

ஏன் பிளேனில போகல்ல எண்டு கேப்பீங்க. டிக்கெட் எடுத்தன். கவுண்டரில இருந்த பொடியன் அடையாள அட்டையையும் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தான். எங்கட வழக்கத்துக்கு அப்பாட பேர் முன்னுக்கு, என்ர பேர் பின்னுக்கு. ஒரு கந்தோரில அதை அப்பிடியே எழுதினாங்க, மத்தக் கந்தோரில திருப்பி எழுதினாங்க. டிக்கெட் வந்தது அப்பாட பேரில. அவர் செத்து இருவது வருசம். "இந்த ஆள் எங்க?" எண்டு அவன் கேட்டான். என்னை ஏறவிடல்ல. புவனாட பேரில குழப்பம் இல்லை, அவள் பறந்துட்டாள். போகக்குள்ள சொன்னாள், "ரோட்டால வாங்க. ரோட்டு பேர் கேக்காது. ஆனா எங்கயும் நிண்டு யோசியாதீங்க."

நான் போயே ஆகவேண்டிய பயணம் அது. காரணத்தையும் மறைக்காமல் எழுதுறன்.

தர்சினி நர்ஸாப் படிச்சு இனுவிக்கில வேலைக்குப் போனாள். போய் ஒரு வருசத்தில, ஜோவைக் கட்டப்போறன் எண்டு சொன்னாள். ஜோ அந்த மண்ணின்ர பூர்வீக ஆள், குவிச்சின் எண்ட இனம். ரோட்டைப் பராமரிக்கிற வேலை. குடி எண்டது எங்கட பக்கத்துக் குலம். நான் போனில கேட்டன், "உனக்குப் பிறக்கிற புள்ளைக்கு என்ன குடிடி?"

அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "அப்பா, நம்மட பக்கம் குடி தாய்வழிதானே. என்ர புள்ளைக்கு என்ர குடி. இது தெரியாமலா அம்மாவைக் கட்டினீங்க?" எண்டாள்.

அது சரியான பதில். அதாலதான் போனை வெட்டினன். பிறகு ரெண்டு வருசம் அவளோட கதைக்கல்ல. புவனா கதைப்பாள், நான் பக்கத்தில டீவியைக் கூட்டி வைச்சுக்கொண்டு இருப்பன்.

புள்ளை பிறந்து பத்து நாளில என்ர போன் அடிச்சது. "அப்பா, முப்பத்தொண்டு அண்டைக்குத் துடக்குக் கழிச்சுப் பேர் வைக்கிறம். நீங்கதான் காதில சொல்லவேணும்." எங்கட வீட்டு வழக்கம் அது, தாயின்ர தகப்பன் மூணுதரம் பேரைச் சொல்லுறது. "நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்க," எண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு முன்னம் எண்டு நான்தான் பார்த்துச் சொன்னன். வருவீங்களா எண்டு அவள் கேக்கல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்தது. போகாட்டி இனி அவள் எதையும் கேக்கமாட்டாள்.

4

வெள்ளி வெளிக்கிட்டு இரவு டோசனில தங்கினன். சனி விடிய வடக்கு ரோட்டில ஏறினன். அந்தக் கல்லு கத்தி மாதிரி. இருநூறாவது கிலோமீற்றரில முன் டயர் ஒண்டு போச்சு. கழட்டிப் பூட்ட எனக்கு ரெண்டு மணித்தியாலம். அதுக்குப் பிறகு கையில ஸ்பெயர் டயர் இல்லை எண்ட யோசனையோட மணிக்கு இருவது முப்பது கிலோமீற்றரிலதான் ஓடினன். ஹோட்டலில பெற்றோல் அடிச்சு, திரும்ப வெளிக்கிட்டு ரெண்டரை மணித்தியாலம் ஓடியிருப்பன். கண் செருகினது. ரோட்டோரத்தில கல்லு வெட்டின கிடங்கு ஒண்டு. தூசி அடிக்காமல் வாகனத்தை வளைச்சு வளைச்சு ஒரு மூலைக்குள்ள விட்டு, பத்து நிமிசம் எண்டு கண்ணை மூடினன்.

முழிச்சுப் பார்த்தா போனில எட்டு மணி. நல்ல வெயில். சூரியன் ஒரு பக்கமாப் பதிஞ்சு நிக்குது.

ஞாயிறு விடிஞ்சு எட்டு மணி! பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல நித்திரை கொண்டுட்டன்! இன்னும் மூணு மணித்தியாலத்தில பேர் வைக்கவேணும், நான் பாதி வழிதான் வந்திருக்கிறன்.

கிடங்கை விட்டு ஏறினா ரோட்டு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. மலையும் ஒரே மாதிரி. எந்தப் பக்கம் வடக்கு?

இதில நான் யோசிக்கவே இல்லை. எங்கட ஊர் ஆளுக்குத் திசை படிப்பிச்சு வாறதில்லை. கடல் பக்கம் எழுவான்கரை, வாவிக்கு அங்கால படுவான்கரை. சூரியன் எழும்புறது ஒண்டில, படுறது மத்ததில. பதினாலு வயசில நான் படுவான்கரைக்குப் போய்த் தயிர்ச் சட்டி வாங்கி, மண்முனைத் துறையால படகில கடந்து, சைக்கிளில கட்டிக்கொண்டு வடக்கு நோக்கி மட்டக்களப்பு டவுனுக்கு மிதிப்பன். காலை வெயில் வலக்கன்னத்தில அடிக்கும். அப்பிடி அடிச்சா நான் போகவேண்டிய பக்கம்தான் போறன் எண்டு அர்த்தம். அது உடம்பில ஊறின கணக்கு.

அதால வெயிலை வலக்கன்னத்தில வைச்சு ஓடத் தொடங்கினன். இருவது, முப்பது எல்லாம் விட்டாச்சு. எண்பது, தொண்ணூறு. ரோட்டோரத்துக் கிலோமீற்றர் கம்பத்தில இலக்கம் குறைஞ்சு குறைஞ்சு வந்தது. மாகாண எல்லை தாண்டினா இலக்கம் திரும்பப் பூச்சியத்தில தொடங்கும் எண்டு டோசன் பொம்பிளை சொன்னது ஞாபகம் வந்தது. சரி, எல்லைக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு எண்டு எண்ணிக் குறைக்கிறாங்க எண்டு நினைச்சன். சந்தோசப்பட்டன் கூட.

நாப்பது நிமிசம் ஓடியிருப்பன். பின் டயர் வெடிச்சது.

5

ஸ்பெயரும் ஓட்டை. ஒரு வாகனமும் இல்லை. நுளம்பு மட்டும் கடிக்க வந்தது. இறங்கி ரோட்டில நிண்டு சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தன். அது ஏறாமல் சரிஞ்சுகொண்டு போற மாதிரிக் கிடந்தது. வடக்கில சூரியன் இப்பிடித்தானாக்கும் எண்டு விட்டுட்டன்.

முக்கால் மணித்தியாலம் கழிச்சு ஒரு பிக்கப் வந்து நிண்டது. இறங்கினவர் பேர் வால்ட்டர். ரோட்டு வேலைக் கேம்பில மெசின் ஓட்டுற ஆள், வயசு அறுவதுக்கு மேல, தாடிக்குள்ளால சிரிச்சார்.

"எங்க போறாய்?"

"இனுவிக். சுறுக்காப் போகவேணும். பதினொரு மணிக்கு முன்னம்."

அவர் என்ர வாகனத்தின்ர மூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இந்தப் பக்கமா?"

"ஓம்."

"இரவு பதினொண்டுக்கா?"

"இல்லை, காலை. இண்டைக்கு ஞாயிறு. பேத்திக்குப் பேர் வைக்கிற நாள்."

வால்ட்டர் கையுறையை மெல்லமாக் கழட்டினார். டாக்குத்தர்மார் கெட்ட செய்தி சொல்லுறதுக்கு முன்னம் கழட்டுவாங்களே, அப்பிடி. "இண்டைக்குச் சனி, நண்பா. இப்ப பின்னேரம் ஒம்பதரை. இனுவிக் உன்ர முதுகுக்குப் பின்னால கிடக்கு. டயர் வெடிக்காட்டி நாளைக்குக் காலைச் சாப்பாடு டோசனில சாப்பிட்டிருப்பாய்."

நான் ரோட்டில குந்திட்டன். ஒரு மணித்தியாலம்தான் நித்திரை கொண்டிருக்கிறன். அது காலை எட்டு இல்லை, பின்னேரம் எட்டு. ஆனி மாசம் அங்க சூரியன் படுறதே இல்லை. காலை எட்டுக்கு எழுவான் பக்கம் எந்த உயரத்தில நிக்குமோ, பின்னேரம் எட்டுக்குப் படுவான் பக்கம் அதே உயரத்தில நிக்கும்.

பிறகுதான் ஒரு விசயம் பிடிபட்டது. தயிர் வித்து முடிஞ்சு பின்னேரம் டவுனில இருந்து ஆரையம்பதிக்குத் திரும்பக்குள்ளயும் வெயில் வலக்கன்னத்திலதான் அடிக்கும். உடம்பு பிழையாச் சொல்லல்ல. அது போற வெயில் இல்லை, வீட்டுக்குத் திரும்புற வெயில். ரெண்டும் ஒரே கன்னத்திலதான் படும் எண்டு இத்தனை வருசமா நான் யோசிச்சதே இல்லை.

6

வால்ட்டர் என்னை ஏத்திக்கொண்டு போய் அதே ஹோட்டலில விட்டார். தன்ர பழைய சில்லு ஒண்டு கேம்பில கிடக்கு, விடிய வேலை முடிச்சுக் கொண்டந்து பூட்டித் தாறன் எண்டார். கவுண்டரில இருந்தவ, பின்னேரம் பெற்றோல் அடிச்ச ஆள் திரும்ப வந்து நிக்கிறதைப் பார்த்து, "எதையாவது விட்டுட்டுப் போனீங்களா?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். என்ன எண்டு அவவும் கேக்கல்ல.

அங்க இருந்து இனுவிக்குக்குப் போன் எடுத்தன். புவனா தூக்கினாள்.

"எங்க நிக்கிறீங்க?"

"அதை இப்பதான் எனக்கே சொல்லித் தந்தாங்க."

நடந்ததைச் சொன்னன். அவள் மூச்சு விடாமல் கேட்டுட்டு, "நிண்டு யோசியாதீங்க எண்டுதானே சொன்னனான்?" எண்டாள்.

"நிண்டு யோசிக்கல்ல புவனா. யோசிக்காமல் ஓடினதாலதான்..."

போன் கை மாறினது. "அப்பா," எண்டாள் தர்சினி. பின்னால புள்ளை சிணுங்குறது கேட்டது. அந்தக் குரலை நான் முதல் முதல் கேட்டது அப்பதான்.

"நேரத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளுவமா புள்ள?"

"நாளைக்குப் பின்னேரம் நேரம் சரியில்லை எண்டு நீங்கதானே அப்பா சொன்னீங்க."

அதுவும் சரியான பதில். இந்தமுறை நான் போனை வெட்டல்ல. "அப்ப நேரத்துக்கு வையுங்க. எனக்காகப் பார்க்காதீங்க. பேர்..." எண்டு தொடங்கினன். புவனா போனை வாங்கி, "பேர் என்ர பையில கிடக்கு. நீங்க மேசையில எழுதிப் பார்த்துக்கொண்டிருந்த துண்டை எடுத்துக்கொண்டுதான் வந்தனான். உங்களை நம்பி வெறுங்கையோட பிளேன் ஏறுவனா?" எண்டாள்.

அண்டைக்கு நித்திரை வரல்ல. வெளிச்சமாவே கிடந்தது. வந்திருந்தாலும் கொண்டிருக்கமாட்டன்.

7

ஞாயிறு பத்து மணிக்கு வால்ட்டர் சில்லோட வந்தார். ரோட்டில நிண்ட என்ர வாகனத்துக்குக் கூட்டிப் போக முன்னம், ஓட்டை டயரையும் ஒட்டித் தந்தார். நான் வாசலில குந்தி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன். பத்தேகால். பத்தரை. இந்நேரம் சொல்லியிருப்பாங்க.

முதல் ஆத்துக்கு வரக்குள்ள ஃபெரி நடு ஆத்தில நிண்டது. நான் லைட்டைப் போட்டு, ஹோணை அடிச்சு, கையைக் காட்டினன். மண்முனைத் துறையில அப்பிடித்தான். தயிர்க்காரன் வாறான் எண்டு தெரிஞ்சா கரையை விட்ட படகும் திரும்பி வரும். இப்ப அங்க பாலம் வந்துட்டுது. இஞ்ச ஃபெரிக்காரன் எனக்குக் கையைக் காட்டிட்டு அங்கால போனான். அரை மணித்தியாலம் கழிச்சு வந்து, "அவசரமா?" எண்டு கேட்டான். "இனி இல்லை," எண்டன்.

இனுவிக்குக்குப் போய்ச் சேர ஆறு மணி. தர்சினி புள்ளையோட வாசலில நிண்டாள். மெலிஞ்சிருந்தாள். நான் படியில நிண்டன், ஏற ஏலாமல். என்ன சொல்லுறது எண்டு எழுநூறு கிலோமீற்றராப் பாடமாக்கினது ஒண்டும் வாயில வரல்ல. "எதிர்ப் பக்கம் ஓடிட்டன் புள்ள," எண்டு மட்டும் வந்தது.

அவள் புள்ளையை மத்தத் தோளுக்கு மாத்தினாள். "ரெண்டு வருசம் ஓடினீங்களே அப்பா. அதுக்கு நாப்பது நிமிசம் எம்மாத்திரம்? உள்ள வாங்க, நுளம்பு."

பேரைச் சொன்னது எலன். புவனாதான் கேட்டிருக்கிறாள், சம்பந்தி சொல்லட்டும் எண்டு. பூரணி. என்ர அம்மாட பேர். எலன் விடிய எழும்பின நேரத்தில இருந்து குசினியில நிண்டு சொல்லிச் சொல்லிப் பழகினாவாம். எனக்குச் சொல்லிக் காட்டினா. என்னைவிட நல்லாச் சொன்னா.

சாப்பிடக்குள்ள எலன் அந்த வழியின்ர பழைய கதையைச் சொன்னா, ஜோ எனக்கு மெதுவாத் திருப்பிச் சொன்னான். ரோட்டு வர முன்னம் அது அவங்கட ஆக்கள் நடந்த தடமாம். நூறு வருசத்துக்கு முன்னம், மாரியில, நாலு பொலிஸ்காரர் நாய் வண்டியில அந்த வழியால வெளிக்கிட்டாங்க. வழி தெரிஞ்ச அவங்கட ஆள் ஒருத்தர் கொஞ்சத் தூரம் கூடப் போனவர். இனித் தேவையில்லை எண்டு அவரை அனுப்பிட்டாங்க. திரும்பவேண்டிய ஓடையைத் தவறவிட்டு, நாயையும் திண்டு, ஒருத்தரும் உயிரோட வரல்ல. தேடிப் போன பொலிஸ்காரர் ஒருத்தர்ர பேரைத்தான் ரோட்டுக்கு வைச்சிருக்கு.

"வழி காட்டின ஆள்ர பேரை வைக்கல்லயா?" எண்டு கேட்டன்.

எலன் சிரிச்சா. "அவர் தொலையல்லயே," எண்டா. பிறகு புள்ளையைக் காட்டி, "எங்கட பழைய ஆக்களுக்கும் குலம் தாய்வழிதான். தர்சினி சொன்னா, உங்களுக்கும் அப்பிடியாமே," எண்டா. புவனா என்னைப் பார்த்தாள். நான் சோத்தைப் பார்த்தன்.

எல்லாரும் எழும்பின பிறகு புள்ளையை என்ர கையில தந்தாங்க. பூரணி, பூரணி, பூரணி எண்டு காதுக்குள்ள சொன்னன். நல்ல நேரம் இல்லைதான். அவள் நித்திரை.

8

வால்ட்டர் கடைக்காரர் இல்லை, பாங்க் காட் போட மெசின் இல்லை. சில்லும் டயரும் முந்நூறு டொலர் எண்டார். ஹோட்டல் அறைக்குக் குடுத்தது போக என்ர கையில நூற்றி அறுவதுதான் கிடந்தது. மிச்சத்தைத் திரும்பி வரக்குள்ள தா எண்டார். மூணு நாளில புவனாவோட திரும்பி வந்தன். அவர்ர வேலை முறை முடிஞ்சு ஊருக்குப் போயிட்டார். கவுண்டரில இருந்தவ, "என்னட்டத் தாங்க, குடுக்கிறன்," எண்டா. நான் குடுக்கல்ல. அவவை நம்பாமல் இல்லை. ஏன் எண்டு எனக்கே அப்ப தெரியல்ல. புவனா வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கக்குள்ள மகளிட்ட இருந்து ரெண்டாவது செய்தி. "ஐஸ் இறுகினதும் திறப்பாங்க. பூரணி குப்புறப் படுக்கிறாள். வாறீங்களா?"

இந்தமுறை கேட்டிருக்கிறாள்.

நான் எழுதினன்: "வரத்தான் வேணும். வால்ட்டருக்குக் காசு குடுக்க இருக்கு."

"நான் இஞ்ச இருந்து அனுப்பிவிடவா? ஜோக்கு அவரைத் தெரியும்."

"வேணாம். கையிலதான் குடுக்கவேணும்."

பிறகு ஒரு சிரிப்புப் படம். அதுக்குக் கீழ, "சரி அப்பா. இன்னும் எவ்வளவு கிடக்கு?"

நூற்றி நாப்பது டொலர்.